முதல் புல் ரிக்வெஸ்ட்: பிள்ளைகள் செய்ய வேண்டியதும் பெற்றோர் அறிய வேண்டியதும்

இந்தக் கட்டுரையை நீங்கள் ஆண்ட்ராய்டு போனில் வாசித்துக்கொண்டிருந்தால், திரையில் தெரியும் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் கோத்துத் தருவது ஹார்ஃப்பஸ் என்னும் மென்பொருள். 'கொ' என்று எழுத முதலில் ககரத்தைத் தட்டுகிறோம், பிறகு ஒகரக் குறியைத் தட்டுகிறோம். கருவியின் நினைவிலும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். அரபியில் சிக்கல் இன்னும் அதிகம். ஒரே 'ஐன்' சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், இறுதியில் ஒரு வடிவம், தனித்து நின்றால் வேறொரு வடிவம். இத்தனையையும் சரியாகச் செய்யும் இந்த மென்பொருளின் பெயரே ஃபார்சியிலிருந்து வந்தது. ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றிலும் இதுவே வேலை செய்கிறது. இதற்கு நாம் யாரும் விலை கொடுக்கவில்லை. இதன் மூல நிரலை எவரும் திறந்து படிக்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம்.

இப்படிப்பட்ட மென்பொருள்களுக்குத்தான் ஓப்பன் சோர்ஸ் என்று பெயர். தமிழில் திறமூலம் அல்லது கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். பெயரைக் கேள்விப்படாத வீடுகள் இன்று குறைவு. ஆனால் அதில் ஒரு பிள்ளை பங்கெடுக்கிறது என்றால் அங்கே என்ன நடக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, "ஹஜ்ரத், பையன் ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கான். கேட்டா சம்பளம் இல்லாத வேலைங்கிறான். இதெல்லாம் உருப்படுமா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நாம் படித்தது மதரஸாவும் கலைப் பட்டமும்தான். என்றாலும் நம்மிடம் ஓதிய மாணவர்கள் சிலர் இந்த வழியில் சென்றதை அருகிலிருந்து பார்த்தவர்கள் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

பி.சி.ஏ.வோ பி.இ.யோ முடித்த பிள்ளைகளிடம் கம்பெனிகள் கேட்பது அனுபவம். அனுபவத்துக்கு வேலை வேண்டும், வேலைக்கு அனுபவம் வேண்டும் என்ற வட்டத்தில்தான் நம் பிள்ளைகளில் பலர் நிற்கிறார்கள். சிபாரிசு செய்ய ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த வட்டம் இன்னும் இறுக்கமானது. திறமூலத் திட்டத்தில் செய்த வேலை அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. எவர் எந்த வரியை எந்த நாளில் திருத்தினார், அதை யார் சரிபார்த்து ஏற்றார், நடுவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் பொதுவில் பதிவாகி நிற்கும். நேர்காணல் செய்பவர் சான்றிதழை நம்ப வேண்டியதில்லை, வேலையையே பார்த்துக்கொள்ளலாம்.

வரலாறு நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1983ல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் படித்துத் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருள்களால் ஆன ஓர் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 1991ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் எழுதிவரும் ஒரு நிரலைப் பற்றி இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அதுதான் லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் இருப்பது அதுவே. ஓப்பன் சோர்ஸ் என்ற பெயர் 1998ல் வந்தது.

இதில் நம் மனத்தைத் தொட்ட பகுதி வேறு. இவ்வளவு பெரிய கட்டடத்தைத் தாங்கி நிற்பவர்கள் எத்தனை பேர்? 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பாதுகாப்புக் குறை வெளியே வந்தது. உலகின் பெரும்பாலான இணையதளங்கள் கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் பாதுகாக்க நம்பியிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில், 2012ல் வெளியான பதிப்பிலிருந்தே அந்தக் குறை இருந்திருக்கிறது. பிறகுதான் தெரிந்தது, அதைப் பராமரித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதும், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் அவர்களுக்கு நன்கொடையாகக் கிடைத்து வந்தது என்பதும். ஆக, சிறு உதவியும் அங்கே உண்மையில் தேவைப்படுகிறது. அதே காரணத்தால், உதவி என்ற பெயரில் வரும் தொந்தரவு அவர்களுக்குப் பெரும் சுமையாகிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதல் பங்களிப்பு என்றாலே நிரல் எழுதுவது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படியில்லை. மொழிபெயர்ப்பு, விளக்கக் குறிப்புகளைத் திருத்துவது, பிழையைச் சரியாக அறிவிப்பது, பிறர் அறிவித்த பிழை தம் கருவியிலும் வருகிறதா என்று சோதித்துச் சொல்வது எல்லாமே பங்களிப்புதான். தமிழ் நன்றாகத் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பே நல்ல வாசல் என்பது நம் கருத்து. ஃபயர்ஃபாக்ஸுக்கு பொன்டூன் என்ற தளம், விக்கிமீடியா மென்பொருள்களுக்கு டிரான்ஸ்லேட்விக்கி, இன்னும் ஏராளமான திட்டங்களுக்கு வெப்லேட் என்று இடங்கள் உண்டு. ஒரு பக்கம் ஆங்கில வாசகம் இருக்கும், மறுபக்கம் தமிழுக்கான கட்டம் காலியாக இருக்கும்.

எளிதாகத் தெரிகிறதே என்று கூகுள் மொழிபெயர்ப்பை எடுத்து ஒட்டிவிடக் கூடாது. ஹோம் என்ற பொத்தானுக்கு அது 'வீடு' என்று சொல்லலாம், நமக்கு வேண்டியது 'முகப்பு'. பிளே என்பதற்கு 'விளையாடு' என்று வரலாம். குர்ஆன் ஓதலைக் கேட்கும் ஆப்பில் அந்தப் பொத்தானின் மேல் 'விளையாடு' என்று இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருமை பன்மையையும் கவனிக்க வேண்டும். '1 கோப்பு', '5 கோப்புகள்' என்று இரண்டு வடிவங்களையும் தனித்தனியாகக் கேட்பார்கள். வாசகத்தின் நடுவே விழுக்காட்டுக் குறியும் ஓர் ஆங்கில எழுத்தும் ஒட்டி நிற்பதைக் காணலாம். அந்த இடத்தில் பிறகு ஒரு பெயரோ எண்ணோ வந்து அமரும். அதைக் குப்பை என்று நினைத்து நீக்கினால் ஆப் அந்த இடத்தில் நின்றே போகலாம். ஏற்கெனவே மொழிபெயர்த்தவர்கள் 'சேமி' என்று வைத்திருந்தால் நாமும் 'சேமி' என்றே வைக்க வேண்டும். நமக்குப் பிடித்த வேறு சொல்லை நடுவே நுழைத்தால் பயன்படுத்துபவர் குழம்புவார். இதையெல்லாம் செய்ய நிரல் அறிவு வேண்டாம், பொறுமையும் மொழியறிவும் போதும். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே படிக்க விரும்புவோருக்கு 2012 முதல் வரும் கணியம் இதழ் இருக்கிறது.

அடுத்து, பிழை அறிவிப்பது. இதற்கு நம் வீடுகளில் எல்லோருக்கும் பழக்கமான உதாரணம் ஒன்று உண்டு. தொழுகை நேர ஆப்களுக்காக 'அதான்' என்ற பெயரில் திறமூல நிரல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் ஐவேளை நேரங்களைக் கணக்கிட்டுத் தரும். ஒரு பிள்ளை தன் போனைப் பார்க்கிறது, அஸர் நேரம் பள்ளிவாசல் அட்டவணையை விட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தள்ளி வருகிறது. உடனே "உங்கள் மென்பொருள் தவறு" என்று எழுதி அனுப்பத் தோன்றும். ஆனால் அது பிழையல்ல. ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அதன் அளவை எட்டும்போது அஸர் என்பது ஷாஃபிஈ மத்ஹப்; இருமடங்காகும்போது என்பது ஹனஃபி மத்ஹப். தொகுப்பில் இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ, உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி என்று நம் தமிழகத்திலேயே இரண்டும் உண்டல்லவா? ஃபஜ்ரும் இஷாவும் இப்படித்தான். அடிவானத்துக்குக் கீழே சூரியன் எத்தனை பாகையில் இருக்கும்போது என்பதில் கராச்சி முறை இரண்டுக்கும் 18 என்கிறது, முஸ்லிம் வேர்ல்டு லீக் ஃபஜ்ருக்கு 18, இஷாவுக்கு 17 என்கிறது, வட அமெரிக்க முறை இரண்டுக்கும் 15 என்கிறது. 3 பாகை வித்தியாசம் என்றால் 12 நிமிடத்துக்குக் குறையாது.

ஆகவே அறிவிக்கும் முன் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். வேறு ஒருவர் ஏற்கெனவே இதைச் சொல்லியிருக்கிறாரா என்று தேட வேண்டும். அதன் பிறகும் பிழைதான் என்று தோன்றினால், எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் கணக்கு முறை, எந்த மத்ஹப், வந்த நேரம் என்ன, வர வேண்டிய நேரம் என்ன, எந்தப் பதிப்பு என்று எழுத வேண்டும். படிப்பவர் தம் இடத்தில் அதை அப்படியே மறுபடி நிகழ்த்திப் பார்க்க முடிய வேண்டும். "வேலை செய்யவில்லை, சரிசெய்யுங்கள்" என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. அமைப்புப் பக்கத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்று மட்டும் இருப்பதால்தான் நம் மக்கள் குழம்புகிறார்கள் என்றால், அந்த இடத்தில் தெளிவான ஒரு வரி விளக்கம் சேர்க்கலாமே என்று கேட்பது நல்ல முதல் பங்களிப்பு. ஆலிமின் அறிவும் கணினி மாணவரின் அறிவும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

இடையில் ஒன்று. திறந்திருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. தன்ஸீல் என்ற திட்டம் குர்ஆனின் மூல வாசகத்தைச் சரிபார்த்து யூனிகோடில் தந்திருக்கிறது. அதை அப்படியே நகலெடுத்துப் பரப்பலாம், வாசகத்தை மாற்றக் கூடாது என்பது அதன் நிபந்தனை. ஒவ்வொரு திட்டத்துக்கும் லைசென்ஸ் என்ற கோப்பு உண்டு, அதைப் படிக்காமல் எதிலும் கை வைக்க வேண்டாம்.

நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கு வருவோம். பெரும்பாலான திட்டங்கள் கிட்ஹப் அல்லது கிட்லேப் தளத்தில் இருக்கின்றன. இரண்டும் கிட் என்ற கருவியை அடிப்படையாகக் கொண்டவை. அதை 2005ல் எழுதியவரும் அதே லினஸ்தான். எந்த வரி யாரிடமிருந்து, எப்போது, என்ன காரணத்தால் வந்தது என்பதைச் சங்கிலியாகப் பாதுகாப்பதே அதன் வேலை. மதரஸாவில் ஓதியவர்களுக்கு உடனே இஸ்னாத் நினைவுக்கு வரும். ஒப்புமைக்காகத்தான் சொல்கிறோம்.

தாம் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பெயர் பெற்ற திட்டம் என்பதற்காகத் தேர்ந்தெடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. அதன் ரீட்மீ கோப்பையும், பங்களிப்போருக்கான வழிகாட்டிக் கோப்பையும் முழுமையாகப் படிக்க வேண்டும். இஷ்யூ என்ற பகுதியில் பிழைகளின் பட்டியல் இருக்கும். புதியவர்களுக்கென்றே 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். ஒன்றைத் தேர்ந்து, வேறு எவரும் அதைச் செய்துகொண்டிருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு, "இதை இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன், சரியா?" என்று கேட்கலாம். பிறகு திட்டத்தின் நகல் ஒன்றைத் தம் கணக்கில் எடுத்துக்கொள்வது ஃபோர்க். அதற்குள் இந்த ஒரு திருத்தத்துக்கென்று தனிக் கிளை பிரிப்பது பிராஞ்ச். திருத்தத்தைக் காரணத்தோடு பதிவு செய்வது கமிட். என் கிளையில் உள்ளதை உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பிப்பதே புல் ரிக்வெஸ்ட். ஏற்றால் மெர்ஜ். கேட்கப் பெரிதாக இருக்கும், இரண்டு முறை செய்தால் கை பழகிவிடும். உண்மையில் நேரம் பிடிப்பது அந்த மென்பொருளைத் தம் கணினியில் இயக்கி, அதன் சோதனைகள் எல்லாம் தேறுகின்றனவா என்று பார்ப்பதுதான். அதைத் தவிர்த்துவிட்டு அனுப்பியவரை அனுபவசாலிகள் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்கள். ஒரு விண்ணப்பத்தில் ஒரு திருத்தம் மட்டும். போகிற போக்கில் பத்து இடங்களில் காற்புள்ளியை மாற்றி வைத்தால் பார்ப்பவருக்கு எரிச்சல்தான்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு நிகழ்வு. 2020ல் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-சர்ட் கிடைக்கும் என்று இருந்தது. இந்திய யூடியூப் சேனல் ஒன்று அதை எளிதாகப் பெறும் வழியைக் காட்டியது. விளைவு, ரீட்மீ கோப்பில் ஒரு பெயரடையை மட்டும் சேர்த்த வெற்றுத் திருத்தங்கள் உலகெங்கும் உள்ள திட்டங்களில் வந்து குவிந்தன. தன்னார்வலர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவற்றை மூடிக்கொண்டிருந்தார்கள். சில நாட்களிலேயே விதியை மாற்றி, சம்மதம் தெரிவித்த திட்டங்களில் செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2024ல் மறுபடியும். எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற திட்டத்தை ஒரு பயிற்சிக் காணொளி உதாரணமாகக் காட்டப்போக, மாணவர்கள் அதன் ரீட்மீ கோப்பில் தங்கள் பெயரை எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். கெட்ட எண்ணம் இல்லை, சொல்லிக்கொடுத்தவர் செய்ததைச் செய்தார்கள். ஆனால் பாதிப்பு யாருக்கு? ஒழுங்காக உழைத்து முதல் திருத்தத்தை அனுப்பும் நம் ஊர்ப் பிள்ளையையும் அந்தப் பராமரிப்பாளர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். இப்போது செயற்கை நுண்ணறிவின் காலம். கர்ல் என்ற திட்டத்தை நடத்தும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க், இல்லாத பாதுகாப்புக் குறைகளைச் சாட்பாட்டைக் கொண்டு எழுதி அனுப்புகிறவர்களால் தம் குழுவின் நேரம் வீணாவதை 2025ல் பலமுறை பொதுவில் சொன்னார். கருவியைப் பயன்படுத்துவது தவறு என்று நாம் சொல்லவில்லை. தனக்கே விளங்காத ஒன்றைத் தன் பெயரில் அனுப்புவது தவறு. இந்த வரி ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும்.

அனுப்பிய பிறகு காத்திருக்க வேண்டும். மறுநாளே பதில் வரலாம், ஒரு மாதமும் ஆகலாம். அங்கே இருப்பவரும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு இதைத் திறப்பவராக இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை மரியாதையாக நினைவூட்டலாம். பதில் பெரும்பாலும் "இதை மாற்றுங்கள், அதை நீக்குங்கள்" என்று வரும். நம் பிள்ளைகள் பலர் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு விலகிவிடுவதைப் பார்க்கிறோம். உஸ்தாத் முன் ஓதிக்காட்டும்போது மக்ரஜ் திருத்தப்படுவதைப் போலத்தான் இதுவும். திருத்துகிறார் என்றால் ஏற்றுக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறார் என்று பொருள். வேண்டாமென்றால் ஒரே வரியில் மூடிவிட்டுப் போயிருப்பார். அப்படி மூடினாலும் காரணத்தைப் படித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, அடுத்ததைத் தேடலாம்.

அவர்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதற்கு 2024ல் நடந்ததே போதும். எக்ஸ்.இசட். என்ற சிறிய சுருக்கு மென்பொருள் லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல திருத்தங்களை அனுப்பி, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பிலும் அமர்ந்து, கடைசியில் கள்ள வாசல் ஒன்றை உள்ளே வைத்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்பது இதுவரை வெளியாகவில்லை. மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தம் கணினியில் உள்நுழைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவப்போய் அதைக் கண்டுபிடித்து மார்ச் 29 அன்று வெளியிட்டார். மூல நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அதைத் தோண்டிப் பார்க்க முடிந்தது. இதற்குப் பின், அறிமுகமில்லாதவர் அனுப்பும் ஒவ்வொரு வரியையும் அவர்கள் உற்றுப் பார்த்தால் குறை சொல்ல முடியுமா?

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கேட்பதையும் சொல்லிவிடுகிறோம். பட்டம் முடித்து, திருமணமாகி, வீட்டிலிருக்கும் பெண்களுக்கு இந்த வேலை மிகவும் பொருந்தும். வெளியே போக வேண்டியதில்லை, நேரம் அவர்கள் கையில். புகைப்படம் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பல திட்டங்களில் புனைபெயரும் போதும். ஆனால் கமிட் செய்யும்போது ஒரு மின்னஞ்சல் முகவரி அதோடு ஒட்டிக்கொண்டு போகும். உலகெங்கும் உள்ள நகல்களில் அது பதிந்துவிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது. கிட்ஹப் அமைப்புகளில் மின்னஞ்சலை மறைக்கும் வசதி உண்டு, அது ஒரு மாற்று முகவரியைத் தரும். அந்த முகவரியைத் தம் கணினியில் உள்ள கிட் கருவியிலும் பதிந்துகொள்ள வேண்டும். முதல் கமிட்டுக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

சம்பளம் இல்லையா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 2005 முதல் கூகுள் நடத்தும் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில், 18 வயது நிரம்பிய புதியவர்கள் ஒரு திறமூல அமைப்புக்காக வேலை செய்து உதவித்தொகை பெறுகிறார்கள். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அவுட்ரீச்சி என்ற மற்றொரு திட்டத்தில் பெண்களும், தம் நாட்டின் தொழில்நுட்பத் துறையில் குறைவாக இடம்பெற்றுள்ள சமூகத்தினரும் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு சுற்று, மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை, சமீபச் சுற்றுகளில் 7,000 அமெரிக்க டாலர். இரண்டிலும் தேர்வு செய்பவர்கள் முக்கியமாகப் பார்ப்பது அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே என்ன பங்களித்திருக்கிறார் என்பதைத்தான். அவுட்ரீச்சியின் டிசம்பர் சுற்றுக்கு ஆகஸ்டிலும், மே சுற்றுக்கு ஜனவரியிலும் முதல் விண்ணப்பம் திறக்கும். கூகுளின் திட்டத்துக்கு பிப்ரவரியில் அமைப்புகளின் பட்டியல் வரும், மார்ச்சில் விண்ணப்பம் தொடங்கும். பட்டியல் வந்த பிறகு தேடத் தொடங்கும் பிள்ளை கூட்டத்தில் ஒருவராக நிற்கும். ஐப்பசி மழைக்காலத்திலேயே முதல் திருத்தத்தை அனுப்பி, இரண்டு மூன்று முறை திருத்தப்பட்டு, ஒன்றிரண்டு மெர்ஜ் ஆகியிருந்தால், விண்ணப்பம் வரும்போது அந்தப் பராமரிப்பாளருக்குப் பெயர் தெரிந்திருக்கும்.